ஓடிப்போகிறவர்களுக்கு ஒரு பட்டியல்

மார்லிஸ் டென்டன், அமெரிக்காவில் கொலராடோ மலைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பவர். அதுதான் அவருடைய தொழில். நான் கவுண்டி எனப்படும் மாவட்ட அலுவலகத்தில் கல்யாண லைசென்ஸ் கொடுக்கும் கவுன்ட்டரில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "ஓடிப்போறதுக்கு எதுக்குடி லைசென்ஸ்?" என்று கேட்டாள்.

"லைசென்ஸ் மட்டும் இல்லம்மா, தேசியப் பூங்காவுல கல்யாணம்னா பூங்காக்காரங்க பெர்மிட்டும் வேணும். ஒரு வருஷம் முன்னாடியே எழுதிப் போடணும்" என்றேன்.

அம்மா, "ஒரு வருஷம் இருந்தா வீட்லயே சொல்லிடலாமே" என்றாள்.

இதை மார்லிஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கம்மா சொல்றது சரிதான்" என்றார்.

தேசியப் பூங்காவுக்குள் கல்யாணம் செய்துகொள்ளக் குறிப்பிட்ட சில இடங்களில்தான் அனுமதி உண்டு. ஹெரன் ஏரியில் காலையில் ஒரு ஜோடி, மாலையில் ஒரு ஜோடி. அலங்கார வளைவு நிறுத்தக் கூடாது, நாற்காலி போடக் கூடாது, பூவிதழோ அரிசியோ தூவக் கூடாது. எல்க் மான் வந்து நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்து மார்லிஸ் இரண்டு பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். கவுனுக்கு அடியில் கம்பளிக் காலுறை, உறுதிமொழியைக் கைப்பேசியில் வைக்காமல் அட்டையில் எழுதிக்கொள்வது (குளிரில் கைப்பேசி செத்துவிடும்), சூரியன் எந்த நிமிடத்தில் முகட்டுக்கு மேல் வரும், எந்தப் பாறைக்குப் பின்னால் சிறுநீர் கழிக்கலாம் என்பதுவரை அதில் இருந்தது. எட்டாவது வரி எங்கள் அலுவலகத்தைப் பற்றியது: கையெழுத்துப் போட்ட லைசென்ஸை அதே வாரத்தில் திருப்பிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளவும்.

கொலராடோவில் கல்யாணம் செய்துவைக்க யாரும் தேவையில்லை. பாதிரியார் வேண்டாம், நீதிபதி வேண்டாம், சாட்சிகூட வேண்டாம். இரண்டு பேரும் தாங்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். சாட்சி வேண்டாம் என்பதால் சாட்சிபோல ஆசைக்குத் தங்கள் நாயின் பாதத்தை மையில் தோய்த்துக் காகிதத்தின் ஓரத்தில் பதித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

மார்லிஸ் நெப்ராஸ்காவின் சமவெளியிலிருந்து வந்தவர். அப்பா மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். இருபத்தாறு வயதில் ஒரு கோடைக்காலம் மட்டும் இந்த ஊர் அப்பக் கடையில் (பான்கேக்தான்) பரிமாறலாம் என்று வந்து, திரும்பிப் போகவில்லை. கர்ட் லவோய் அப்போது மலைகளைப் படம் பிடித்துச் சட்டம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு ஓர் அக்டோபர் காலையில் ஹெரன் ஏரிக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். தொழில் அதிலிருந்துதான் தொடங்கியது. அவர் ஏற்பாடு செய்வார், கர்ட் படம் எடுப்பார்.

அந்தக் காலையின் கதை அவர்கள் இணையதளத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. பனி பெய்தது. குளிரில் கர்டின் பிடியிலிருந்து கேமரா நழுவி விழுந்தது. பூங்காப் பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லாததால் அவர்களுடைய நாய் பிஸ்கட் வண்டியிலேயே இருந்தது. திரும்பி வந்து அதன் பாதத்தைப் பதிக்கலாம் என்றால் மை அட்டையை மறந்திருந்தார்கள். கர்ட் தன் பூட்ஸுக்கு வைத்திருந்த கறுப்பு பாலிஷை எடுத்துப் பாதத்தில் தடவினார். இந்த இடத்தில் மார்லிஸ் சிரிப்பார். கவுன்ட்டருக்கு முன்னால் நின்று எத்தனையோ ஜோடிகளுக்கு இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே இடத்தில், அதே அளவுக்குச் சிரிப்பார்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தனியாக வந்தார்.

"இன்னிக்கு ஜோடி இல்லையா?" என்றேன்.

"இன்னிக்கு நான்தான். எங்க கல்யாணத்துக்கு ஒரு சர்டிஃபைட் காப்பி வேணும், கண்ணு. பதினோரு வருஷம் முன்னாடி, அக்டோபர் ஒன்பது."

கணினியில் தேடினேன். லைசென்ஸ் கொடுத்தது இருந்தது. திரும்பி வந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"குடுத்தது இருக்கு. திரும்பி வந்தது இல்லை" என்றேன்.

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தேன். பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டும் தேடினேன். பக்கத்து மேஜையிலிருந்து டொரீன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். முப்பது வருடமாக இந்த அலுவலகத்தில் இருப்பவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையைப் பார்த்தார்.

"மார்லிஸ், வாரா வாரம் இங்க நின்னு எல்லாருக்கும் எட்டாவது வரியைப் படிச்சுக் காட்டுவியே. உன்னோடது எங்கடி?"

"கர்ட் குடுத்துட்டான்னு நெனச்சேன்."

"அவன் நீ குடுத்துட்டேன்னு நெனச்சிருப்பான்."

"இருக்கும்" என்றார் மார்லிஸ்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்குக் காப்பி?"

"கோர்ட்டுக்கு."

டொரீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் கட்டடத்தில் கோர்ட்டுக்குக் காகிதம் கேட்பவர்கள் என்ன காரணத்துக்குக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பதியலைங்கறதால கல்யாணம் இல்லைன்னு ஆயிடாது. கையெழுத்துப் போட்ட பேப்பர் இருந்தா இப்பக்கூட பதிஞ்சுக்கலாம், கொஞ்சம் அபராதம், அவ்வளவுதான். பேப்பர் கிடைக்கலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து, இன்ன தேதியில எங்களுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

மார்லிஸ் தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார். எழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது.

பெரிய சண்டை எதுவும் நடந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேறு ஆளும் இல்லை. பிப்ரவரியில் பிஸ்கட் செத்துப்போனது. அதுவரை இரண்டு பேரும் நாயிடம் பேசுவதுபோல ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "உங்கப்பாவுக்குப் பசிக்குதாம் பிஸ்கட்." "அம்மாவை டயரைப் பாக்கச் சொல்லு பிஸ்கட்." நாய் போன பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. மார்ச்சில் ஒருநாள் காபி ஊற்றும்போது கர்ட், "போதும்னு தோணுது மார்லி" என்றார். மார்லிஸ், "சரி" என்றார். கர்ட் கராஜுக்கு மேலிருந்த அறைக்கு மாறினார். அக்டோபர் நான்காம் தேதிவரை பத்தொன்பது ஜோடிகளுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். எல்லா ஜோடிகளும் அந்த முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் மார்லிஸ் என்னை அப்பக் கடைக்கு அழைத்துப் போனார். கர்டும் அங்கே வந்திருந்தார். டொரீன் சொன்னதை அவருக்கு நான் ஒருமுறை சொல்ல வேண்டும் என்பதற்காக. நான் சொன்னேன். கர்ட் உயரமானவர், எதையும் வேடிக்கையாக ஆக்கிவிடுகிறவர்.

"அப்ப பதினோரு வருஷமா நான் பிரம்மச்சாரி" என்றார். "யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். நல்ல சட்டையா போட்டிருப்பேன்."

மார்லிஸ் அப்பத்தின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றினார். "அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடறியா?"

"எதுக்கு மார்லி? போய்ப் பதியறது, அப்புறம் கோர்ட்டுக்குப் போய் அதை வெட்டறது. ரெண்டு வேலை. பதியாமலே விட்டா ரெண்டும் மிச்சம். சும்மா அப்படியே நடந்து போயிடலாம்."

"பதியலைன்னாலும் கல்யாணம்தான்" என்று நான் சொன்னேன். அதுவரை நான் அந்த மேஜையில் எனக்காக ஒன்றும் பேசியிருக்கவில்லை.

"அது சட்டம், தங்கச்சி. யாரு வந்து கேக்கப் போறா?"

"அன்னிக்கு யாரும் பாக்கலை, கர்ட்" என்றார் மார்லிஸ்.

"அதுக்குத்தானே அங்க போனோம்."

"நாய் இருந்துச்சு."

"நாயும் போயிடுச்சு."

மார்லிஸ் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அப்ப நீ இல்லைன்னு சொன்னா இல்லைன்னு ஆயிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். "எனக்கு எழுதி இருக்கணும். இருந்துச்சு, முடிஞ்சுதுன்னு ரெண்டும் எழுதி இருக்கணும். அவ்வளவுதான்."

"நான் வரலை மார்லி. பேப்பர் கிடைச்சா உன் இஷ்டம்."

பரிமாறுகிற பெண் காபிக் குடுவையுடன் வந்தாள். "உங்க ரெண்டு பேரையும் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள். மார்லிஸ் கையை நீட்டிக் கர்டின் கைமேல் வைத்தார். அவள் போகும்வரை அது அங்கே இருந்தது.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவர் அந்தக் காகிதத்தைத் தேடினார். ஜோடிகளுடன் கவுன்ட்டருக்கு வரும்போது, அவர்கள் படிவத்தை நிரப்பும் நேரத்தில், என்னிடம் சொல்வார். கேமராப் பைகளில் பார்த்தேன், இல்லை. வரிக் கோப்புகளில் இல்லை. வண்டியில் வரைபடம் வைக்கிற இடத்தில் இல்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன், பின்னால் ஒரு பழைய கையுறை இருந்தது. இத்தனையும் ஒரே குரலில். ஒருநாள் அவர் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் சொன்ன பிறகு குனிந்து பார்த்தார். "ஆமாம்" என்றார். வெளியே போகும்போதும் அப்படியேதான் போட்டிருந்தார்.

ஆனால் வேலையில் பிசகு வரவில்லை. ஒரு மணமகனுக்கு மலையில் மூச்சு வாங்கியபோது பிராணவாயுக் குப்பி அவர் முதுகுப்பையில் இருந்தது. மோதிரத்தை விடுதியில் விட்டுவிட்டு வந்த ஜோடிக்கு இரண்டு வெண்கல வளையங்கள் வைத்திருந்தார். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று யாரையும் கேட்க மாட்டார். உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்பார்.

அந்த வருடத்தின் கடைசி ஜோடி அனிக்காவும் ரூபெனும். கான்சாஸிலிருந்து. அனிக்கா பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவள், ரூபென் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அனிக்காவின் அப்பாவும் அம்மாவும் பிரிந்தவர்கள், ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று எட்டு மாதம் யோசித்துவிட்டு, வரிசையே இல்லாத இடத்துக்கு வர முடிவு செய்தார்கள். மார்லிஸின் முதல் பக்கத்தை அனிக்கா மனப்பாடமாக வைத்திருந்தாள். அதே ஏரி, அதே மாதம், நாயின் பாதம் உட்பட எல்லாம் அப்படியே வேண்டும் என்றாள். தொலைபேசியில் மணிக்கணக்காகக் கேள்வி கேட்பாள். மார்லிஸ் ஒருமுறை எங்கள் நடைபாதையில் நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"ஏழு மணி மூணு நிமிஷத்துக்கு வெளிச்சம் வரும். நீங்க மேற்குப் பக்கம் நில்லுங்க, அப்பத்தான் கண் கூசாது... கொண்டையூசி பன்னெண்டு, காத்து அடிக்கும்... அழுதேனாவா?" கொஞ்சம் நிறுத்தினார். "அழுதேன். துடைக்கிற காகிதம் பட்டியல்ல இருக்கு, பதினாலாவது."

அக்டோபர் மூன்றாம் தேதி நான்கு பேரும் கவுன்ட்டருக்கு வந்தார்கள். ரூபென் படிவத்தில் அப்பாவின் பிறந்த ஊருக்கு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். கர்ட் சுவரில் இருந்த வேட்டைக் கால அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். நான் லைசென்ஸை அச்செடுத்து, பச்சைக் கோடு போட்ட எங்கள் உறையில் வைத்தேன்.

"இதைத் தொலைச்சுட்டா?" என்று அனிக்கா கேட்டாள்.

"தொலைக்காதீங்க" என்றார் டொரீன், தன் மேஜையிலிருந்தபடியே.

அனிக்கா மார்லிஸிடம் திரும்பினாள். "நீங்க எப்ப திருப்பிக் குடுத்தீங்க? அன்னிக்கே வந்தீங்களா? பனிவேற இல்லையா?"

நான் உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"எட்டாவது வரியைப் பாருங்க" என்றார் மார்லிஸ். "அதே வாரம். நீங்க ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிடறதால உங்களோடதை நானே கொண்டுவந்து குடுத்துடறேன்."

அனிக்கா சரி என்றாள். மறுநாள் அவர்கள் ஏரிக்குப் போய்வரும்வரை கூட வந்திருந்த அவர்களுடைய நாயை யார் பார்த்துக்கொள்வது என்பது அடுத்த கேள்வி. பாதையில் அதற்கு அனுமதி இல்லை.

"கண்ணு, நாளைக்கு சனிக்கிழமை, உனக்கு லீவுதானே?" என்று மார்லிஸ் என்னைக் கேட்டார்.

காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் புல்லெல்லாம் உறைபனி. எங்கள் இரண்டு வண்டிகளைத் தவிர வேறு வண்டி இல்லை. அனிக்கா கவுனுக்கு மேல் ரூபெனின் பெரிய கோட்டைப் போட்டிருந்தாள். அவர்களுடைய நாயின் பெயர் டில்லி. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். கர்ட் தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கி என் பக்கத்தில் வைத்தார்.

"பிஸ்கட்டோட பெட்டி. கராஜுல கிடந்துச்சு. மை அட்டை, துண்டு எல்லாம் இதுல இருக்கணும். நடுங்குச்சுன்னா போர்வையும் இருக்கு. பிப்ரவரியிலேர்ந்து திறக்கலை, முடி இருக்கும்."

அவர்கள் நால்வரும் ஊசியிலை மரங்களுக்கு நடுவில் போனார்கள். டில்லி அவர்கள் போன பக்கம் பார்த்து முனகியது. நான் போர்வைக்காகப் பெட்டியைத் திறந்தேன். சங்கிலி, தண்ணீர்க் கிண்ணம், மெல்லப்பட்ட பந்து, துருப்பிடித்த பாலிஷ் டப்பா. அடியில் பிஸ்கட்டின் தடுப்பூசிக் காகிதங்கள் வைத்த ஓர் அட்டைக் கோப்பு. அதிலிருந்து பச்சைக் கோடு போட்ட உறையின் முனை வெளியே தெரிந்தது.

அந்த உறையை நான் ஒரு நாளைக்குப் பத்துமுறை கையில் எடுக்கிறேன். திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. நான் போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினேன்.

மரங்களுக்கு இடையில் ஏரியின் ஒரு துண்டு தெரிந்தது. கரையில் ஒரு பெரிய எல்க் மான் நின்று கத்திக்கொண்டிருந்தது. நான்கு பேரும் அது போவதற்காகக் காத்திருந்தார்கள். ஏழு மணி மூன்று நிமிடத்துக்கு வெளிச்சம் முகட்டில் வந்தது, அவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். கர்டும் மார்லிஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எந்த ஜோடிக்குக் கல்யாணம் என்று சொல்ல முடியாது. டில்லி என் மடியில் தூங்கிப்போனது.

திரும்பி வந்தபோது அனிக்காவின் மூக்கு சிவந்திருந்தது. ரூபென் சிரித்துக்கொண்டே இருந்தான். மார்லிஸ் முழங்காலிட்டுப் பெட்டியைத் திறந்து மை அட்டையை எடுத்தார். விரலால் அழுத்தினார். காய்ந்து கிடந்தது.

"பாலிஷ் இருக்கு" என்றார்.

"அதே டப்பாவா?" அனிக்காவும் முழங்காலிட்டாள். "அந்தக் கதையில வர்றதா?"

"அதேதான்" என்றார் கர்ட்.

மார்லிஸ் டப்பாவின் மூடியைக் கத்தியால் நெம்பினார். உள்ளே வெடித்துப்போயிருந்த பாலிஷை விரலால் தேய்த்து இளக்கினார். முதலில் வேறு காகிதத்தில் பதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதற்காகத்தான் அந்தக் கோப்பைத் திறந்தார்.

உறையை எடுத்தார். உள்ளே இருந்ததை விரித்தார். இரண்டு கையெழுத்து, கீழே கறுப்பாக ஒரு பாதம். முழுதாகக் காய்வதற்குள் மடித்ததால் மடிப்புக்கு அந்தப் பக்கமும் மங்கலாக இன்னொரு பாதம்.

"என்ன அது?" என்றாள் அனிக்கா.

"எங்களோடது."

"நாயோட பெட்டியிலயே வெச்சிருக்கீங்களா?" அவள் ரூபெனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ரூபென், பாரு. நாயோட பெட்டியிலயே பத்திரமா வெச்சிருக்காங்க."

அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அன்று மாதிரியே. கர்ட் கேமராவை என்னிடம் கொடுத்தார், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினார். அவர்கள் வண்டியின் பின்பக்கம் நின்று, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். மார்லிஸின் விரல் பட்டு ஓரத்தில் புதிதாகக் கொஞ்சம் பாலிஷ் ஒட்டியது. நான் மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் சிரித்திருக்கிறார்கள்.

பிறகு டில்லியின் பாதத்தைப் பதித்தார்கள். சுத்தமாக விழுந்தது. அனிக்கா எல்லோரையும் கட்டிக்கொண்டாள், என்னையும். அவர்கள் வண்டி சாலையில் மறைந்ததும் கர்ட் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான்தான் வெச்சிருக்கேன், மார்லி. பாலிஷ் காயட்டும்னு பின் சீட்டுல போட்டு வெச்சேன். அப்புறம் நாயோடதுன்னு நெனச்சு இதுல போட்டிருப்பேன் போல."

"ஆமாம்."

"என்ன பண்ணப் போறே?"

"திங்கக்கிழமை ஆபீஸ் திறக்கும்."

கர்ட் பூட்ஸால் சரளைக் கல்லைத் தள்ளினார். "கிழிச்சுப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. இந்தப் பொண்ணைத் தவிர."

நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்லிஸ் கோட்டின் உள்பையில் இரண்டு உறைகளையும் வைத்துப் பித்தானைப் போட்டார். "மை அட்டை புதுசு வாங்கணும்" என்றார். கர்ட் எழுந்து பெட்டியை வண்டியில் ஏற்றினார். அந்தக் கல்யாணம்தான் அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது மார்லிஸ் வெளியில் நின்றுகொண்டிருந்தார். கவுன்ட்டரில் அனிக்காவின் காகிதத்தை முதலில் வைத்தார். அதைப் பார்த்து முத்திரை குத்தினேன். பிறகு தன்னுடையதை வைத்தார்.

டொரீன் எழுந்து வந்து குனிந்து முகர்ந்து பார்த்தார். "இன்னும் பாலிஷ் வாசம் வருது."

"நல்ல பாலிஷ்" என்றார் மார்லிஸ்.

பெயர்களைச் சரிபார்த்தேன். தேதி சரி. இடம், ஹெரன் ஏரி. நடத்தி வைத்தவர் என்ற இடத்தில் அவருடைய நேரான எழுத்தில் 'நாங்களே' என்றிருந்தது. அபராதத்துக்கு ரசீது போட்டேன். கல்யாண நாள் பதினோரு வருடத்துக்கு முந்தையது, பதிந்த நாள் இன்று. கணினி ஒருமுறை, இது சரிதானா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன்.

நகலை அச்செடுத்து, அதில் கவுண்டி முத்திரையை அழுத்திக் கொடுத்தேன். மார்லிஸ் அதைக் கையில் வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டேன்" என்றார்.

படித்தேன். இன்ன நாளில், இன்ன இடத்தில், மார்லிஸ் டென்டன் என்பவரும் கர்டிஸ் லவோய் என்பவரும் திருமணத்தில் இணைந்தார்கள் என்பது இந்த அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ளது. மூன்று வரிதான். நாங்கள் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. டொரீன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் மார்லிஸ். "பிரியறதுக்குப் படிவம் எங்க வாங்கணும்?"

"ரெண்டாவது மாடி. லிஃப்ட்லேர்ந்து இடது பக்கம்."

அவர் படிக்கட்டில் போனார். லிஃப்ட் காலியாகத் திறந்து மூடியது.

வியாழக்கிழமை கர்ட் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, தனக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார்.

"கோர்ட்டுக்குன்னா அவங்களே குடுத்துட்டாங்களே" என்றேன்.

"தெரியும்."

விண்ணப்பத்தில் எந்தக் காரணத்துக்காக என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை வைத்துக்கொண்டு கர்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். 'சொந்த உபயோகம்' என்று எழுதினார். நகலை மடிக்காமல் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் குளிர்காலத்தில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிப்ரவரியில் மார்லிஸ் மறுபடி ஜோடிகளை அழைத்து வரத் தொடங்கினார். இணையதளத்தில் முதல் பக்கக் கதையை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது ஏரியின் படம் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லாமல். பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. எட்டாவது வரியில் மட்டும் இரண்டு வார்த்தைகள் கூடியிருக்கின்றன: கையெழுத்துப் போட்ட லைசென்ஸை அதே வாரத்தில் இருவரும் சேர்ந்து திருப்பிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளவும்.

முதலில் வந்த ஜோடியில் மணமகன் கொஞ்சம் வாயாடி. நான் உறையைத் தயார் செய்யும்போது மார்லிஸிடம் கேட்டான்.

"எல்லாரையும் ஓடிப்போக வெக்கறீங்களே, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு" என்றார் மார்லிஸ். "முடிஞ்சும் போச்சு. வேணும்னா இவளைக் கேளுங்க, ரெண்டும் இந்தக் கட்டடத்துலயே எழுதி இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு உறையை அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.